சீனச்சட்டி கற்பிக்கும் பாடம்



முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று பழகிய ஒருவன் அடுப்பைப்பற்றிப் பேச முன்வந்தால், "இவருக்கும் சமையலுக்கும் என்ன தொடர்பு?" என்று உங்களுள் சிலர் புன்னகை புரியக்கூடும். புன்னகை புரியுங்கள், செவியையும் சற்றுத் தாருங்கள். அடுப்பங்கரை சிறந்ததோர் ஆய்வுக்கூடம். அங்கே வெப்பம் உண்டு, நீர் உண்டு, எண்ணெய் உண்டு. செய்த சோதனை நன்றாக முடிந்ததா இல்லையா என்று தீர்ப்புக் கூற நாவும் உண்டு. இத்தனை வசதிகள் உள்ள ஆய்வுக்கூடம் எந்தப் பள்ளியிலும் இல்லை.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், சீனர்கள் நூடுல்ஸைக் கிளறி வறுக்கும் முறையும், அதனை நம் வீட்டு அடுப்பில் செய்யும் வகையும் ஆகும். இந்த உணவை நீங்கள் கடைகளில் உண்டிருப்பீர்கள். இழை இழையாகப் பிரிந்து, சற்றே சிவந்து, ஒருவகைப் புகைமணத்துடன் அது தட்டில் வந்து அமர்கிறது. அதனையே வீட்டில் செய்து பார்த்தவர்களின் அனுபவம் வேறு. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, நீர் கசிந்து, களிபோல் ஆகிவிடுகிறது. பண்டங்கள் அவையே, செய்யும் வரிசையும் ஏறத்தாழ அதுவே. பின் ஏன் இந்த வேறுபாடு? இந்த ஒரு வினாவுக்கு விடை கண்டுவிட்டால், நூடுல்ஸ் மட்டுமன்றி வேறு பல உணவுகளும் நம் கைக்குள் வந்துவிடும்.

முதலில் பெயரைக் காண்போம். சீன மொழியில் இவ்வுணவின் பெயர் 'ச்சௌ மியன்' என்பது. 'மியன்' என்றால் கோதுமை மாவு; அம்மாவினால் செய்த இழைக்கும் அதுவே பெயர். அரிசி மாவினால் செய்த இழைக்கு அவர்கள் வேறு பெயர் வழங்குகின்றனர். 'ச்சௌ' என்றால் மிகுந்த வெப்பத்தில், சிறிதளவு எண்ணெயில், இடைவிடாது புரட்டிச் சமைத்தல். இதற்கு நேரான ஒற்றைச் சொல் தமிழில் இல்லை. நாம் 'வறுத்தல்' என்பது பெரும்பாலும் எண்ணெய் இன்றியோ மெல்லிய தீயிலோ நிகழ்வது. 'வதக்குதல்' என்பதில் காயின் நீர் மெல்ல வெளிவந்து அது குழைய வேண்டும். 'பொரித்தல்' என்பதற்கு எண்ணெய் நிறைய வேண்டும். சீனர் முறை இம்மூன்றும் அன்று. ஆதலால் 'கிளறி வறுத்தல்' என்று இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்கிறேன்.

'ச்சௌ' என்னும் சொல்லை எழுதும் சீன எழுத்தை நோக்கினால் ஒரு சுவையான செய்தி கிடைக்கும். அவ்வெழுத்தின் இடப்பாதி நெருப்பைக் குறிப்பது. வலப்பாதியோ 'சிறிது' என்னும் பொருளுடைய எழுத்து. வலப்பாதி ஒலியைக் காட்டுவதற்காகவே சேர்க்கப்பட்டது என்பது மொழியறிஞர் கூறும் விளக்கம். அஃது உண்மையே. எனினும், நினைவில் வைத்துக்கொள்வதற்கு இதைவிடப் பொருத்தமான குறிப்பு இல்லை. நெருப்பு, சிறிது: நெருப்புப் பெரிதாக இருக்கட்டும், சட்டியில் இடுவது சிறிதாக இருக்கட்டும். கிளறி வறுக்கும் கலை முழுவதும் இவ்விரண்டு சொற்களில் அடங்கிவிடும். எவ்வாறு என்பதைப் பின்னர்க் கணக்கிட்டே காட்டுகிறேன்.

சீன நாட்டின் நடுவே மேற்கிலிருந்து கிழக்காகச் சின்லிங் மலைத்தொடரும் ஹுவாய் ஆறும் அமைந்துள்ளன. அவ்வெல்லைக்குத் தெற்கே மழை மிகுதி. அங்கே நெல் விளைகிறது. வடக்கே மழை குறைவு. கோதுமையும் சிறுதானியமும் விளைகின்றன. ஆகவே மாவிழை உணவு வடநாட்டாரின் அன்றாட உணவாக வளர்ந்தது. அது எவ்வளவு பழமையானது என்பதற்கு ஒரு சான்று அண்மைக் காலத்தில் கிடைத்தது. மஞ்சளாற்றின் மேற்பகுதியில், சிங்ஹாய் மாநிலத்தில் லாஜியா என்னும் இடத்தில், நிலநடுக்கத்தாலும் வெள்ளத்தாலும் அழிந்த பழங்குடியிருப்பு ஒன்றை அகழ்ந்தனர். அங்கே மூன்று மீட்டர் ஆழத்தில் கவிழ்ந்து கிடந்த மண்கலம் ஒன்றின் அடியில் மெல்லிய மஞ்சள் நிற இழைகள் இருந்தன. அவை ஏறத்தாழ 4,000 ஆண்டுப் பழமை வாய்ந்தவை என்றும், தினையும் பனிவரகும் கொண்டு செய்யப்பட்டவை என்றும் 2005-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் அறிவித்தனர். நம் குறிஞ்சி நிலத்துத் தினையே அங்கும் உணவாக இருந்திருக்கிறது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ!

பின்னர்க் கோதுமை அத்தானியங்களின் இடத்தைப் பிடித்தது. ஆறாம் நூற்றாண்டில் ஜியா சிசியே என்பவர் எழுதிய உழவு நூலில், மாவைப் பிசைந்து நீளமாக இழுத்து, நீரில் இட்டு மெலிதாக்கி, பின்பு கொதிக்க வைக்கும் முறை காணப்படுகிறது. நூடுல்ஸ் செய்வது உழவு நூலில் இடம்பெறும் அளவுக்கு மதிப்புடைய அறிவாக அந்நாட்டில் கருதப்பட்டது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் தென்கடற்கரையில் உள்ள குவாங்டுங் மாநிலத்து மக்கள் பிழைப்புத் தேடிக் கப்பலேறியபோது, இவ்வுணவும் அவர்களுடன் பயணம் செய்தது. நம் நாட்டில் கொல்கத்தாவில் குடியேறிய சீன மக்களின் உணவுச்சாலைகளில் அது நம் நாவுக்கேற்ப மாறியது. மலேயாவிலும் சிங்கப்பூரிலும் நம்மவர் நடத்தும் கடைகளில் மிளகாய் அரைப்பும் சேர்ந்து, 'மீ கோரெங்' என்னும் வேறோர் உணவாக ஆயிற்று.

இனிச் சட்டியைப்பற்றி ஒரு சொல். நம் தென்பாண்டி நாட்டு வீடுகளிலும் மலையாள நாட்டிலும், குழிந்த அடியுடைய இரும்புச் சட்டியைச் 'சீனச்சட்டி' என்று வழங்குவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நம் பாட்டிமார் நாள்தோறும் சொன்ன அப்பெயரிலேயே கடல்வழி உறவு ஒன்று ஒளிந்திருக்கிறது. நாம் அதில் அப்பளமும் வடையும் பொரிக்கிறோம். சீனர் அதில் நூடுல்ஸைக் கிளறி வறுக்கின்றனர். மெல்லிய இரும்பாதலால் அது விரைவில் காய்கிறது. குழிந்த வடிவாதலால் எண்ணெய் நடுவே கூடி நிற்கிறது. கிளறும்பொழுது பண்டம் வெளியே சிந்தாமல் மீண்டும் நடுவுக்கே சரிகிறது.

விறகு எளிதில் கிடைக்காத பகுதிகளில், குறைந்த எரிபொருளில் விரைந்து சமைக்க வேண்டிய தேவையே இம்முறையை வளர்த்தது என்று அறிஞர் பலர் கருதுவர். விரைவில் சமைக்க வேண்டுமானால் பண்டங்களைச் சிறியனவாகவும் ஒரே அளவினவாகவும் நறுக்கிக்கொள்ள வேண்டும். சீனச் சமையலில் அடுப்பின் முன் நிற்கும் நேரம் குறைவு. கத்தியின் முன் நிற்கும் நேரம் மிகுதி. இதனை நினைவில் கொள்ளுங்கள்.

இப்பொழுது நம் வினாவுக்கு வருவோம். சென்ற கோடை விடுமுறையில் கல்லூரி விடுதியிலிருந்து வந்த என் பேரன், வீட்டில் இருந்த எட்டுப் பேருக்கும் தானே நூடுல்ஸ் செய்வதாகச் சொன்னான். வேகவைத்த இழைகளை வடித்து, நீர் சொட்டச் சொட்ட, எட்டுப் பேர் பங்கையும் ஒரே சட்டியில் கொட்டினான். கால் மணி நேரம் கிளறியும் அது சிவக்கவில்லை, குழைந்துதான் போயிற்று. "கடைக்காரர்கள் ஏதோ பொடி போடுகிறார்கள், தாத்தா. அஃது இல்லாமல் வராது" என்றான். "பொடியைப் பின்னர்ப் பார்ப்போம், முதலில் தாளும் எழுதுகோலும் எடுத்து வா" என்றேன். இருவரும் திண்ணையில் அமர்ந்து கணக்கிட்டோம். அக்கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒரு கிராம் நீரின் வெப்பத்தை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஒரு கலோரி வேண்டும் என்று படித்திருக்கிறீர்கள். இது பௌதிகப் பாடத்தின் சிறு கலோரி. உணவுச் சத்தை அளக்கும் கலோரி இதுபோல் ஆயிரம் மடங்கு. 30 டிகிரியில் உள்ள ஒரு கிராம் நீரைக் கொதிநிலையான 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 கலோரி போதும். ஆனால் கொதிக்கும் நீரை ஆவியாக மாற்ற மேலும் ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். இதனையே உள்ளுறை வெப்பம் என்கிறோம். ஆக, ஒரு கிராம் நீரைப் போக்க 610 கலோரி செலவாகிறது. வடிக்காமல் விட்ட நீர் 100 கிராம், அதாவது அரைத் தம்ளர், என்று கொண்டால் 61,000 கலோரி வேண்டும். நம் வீட்டு எரிவாயு அடுப்பின் பெரிய முனை முழுத்தழலில் எரியும்போது சட்டிக்குள் செல்லும் வெப்பம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 25,000 கலோரி. எனவே அந்த அரைத் தம்ளர் நீரைப் போக்குவதற்கே இரண்டரை நிமிடம் ஆகிவிடும்!

அந்த இரண்டரை நிமிடமும் சட்டியில் நடப்பது என்ன? நீர் இருக்கும்வரை பண்டத்தின் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. ஆனால் உணவு சிவந்து மணம் பெறுவதற்கு ஏறத்தாழ 140 டிகிரியும் அதற்கு மேலும் வேண்டும். மாவிலும் காயிலும் உள்ள சர்க்கரைப் பொருளும் புரதத்தின் கூறுகளும் அவ்வெப்பத்தில் விரைந்து கூடிப் புதிய நிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகின்றன. லூயி காமில் மயார் என்னும் பிரெஞ்சு நாட்டு அறிஞர் 1912-இல் இதனை விளக்கினார். இன்று இச்செயல் அவர் பெயராலேயே வழங்குகிறது. தோசை சிவப்பதும் ரொட்டியின் மேற்புறம் பழுப்பதும் இதனாலேதான். ஆகவே நீர் உள்ள சட்டியில் நூடுல்ஸ் வறுபடுவதில்லை. மீண்டும் ஒருமுறை வேகிறது. முன்னரே வெந்தது மீண்டும் வெந்தால் குழையாமல் என்ன செய்யும்?

சீனக் கடைகளின் அடுப்போ வேறு வகை. அதன் தழல் நம் வீட்டு அடுப்பைப்போல் பத்து மடங்கும், அதற்கு மேலும் வலிமையுடையது. அவ்வெப்பத்தில் நீர் வந்த வேகத்தில் ஆவியாகிப் பறந்துவிடுகிறது. எண்ணெய்த் துளிகள் தழலில் பட்டு எரிந்து புகைமணம் ஊட்டுகின்றன. அம்மணத்தைக் குவாங்டுங் மக்கள் 'வொக் ஹேய்' என்பர். 'சட்டியின் மூச்சு' என்று அதனைத் தமிழாக்கலாம். அங்குள்ள சமையற்காரர் சட்டியை வீசி வீசிப் புரட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சோற்றை அவ்வாறு வறுப்பவர்களைப் படமெடுத்து ஆராய்ந்தோர், அவர்கள் விநாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை சட்டியை ஆட்டுவதாக 2020-இல் வெளியிட்டனர். பெருந்தழலில் பண்டம் கருகாமல் இருக்க அந்த வேகம் தேவை. நம் சிறு தழலில் சட்டியைத் தூக்கினால் உள்ள வெப்பமும் போய்விடும். ஆதலால் அவர்களைப்போல் வீசாதீர்கள். சட்டியை அடுப்பிலேயே வைத்துக் கிளறுங்கள்.

நம் அடுப்பின் தழலை நாம் பத்து மடங்கு ஆக்க முடியாது. ஆனால் சட்டியில் இடும் அளவைக் குறைக்க முடியும். நீரை முன்னரே உலர்த்திவிட முடியும். பெருநெருப்பு இல்லாதவர், சிற்றளவைக் கடைப்பிடித்தால் போதும். இதுவே விடை.

பேரன் கேட்ட பொடியைப்பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது மோனோசோடியம் குளூட்டமேட் என்னும் உப்பு. கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்று 1908-இல் கண்டவர் ஜப்பானிய அறிஞர் கிகுனே இகெடா. தக்காளியிலும் பாலாடைக்கட்டியிலும் அஃது இயற்கையாகவே உண்டு. சீன உணவகத்தில் உண்டபின் உடல் நலிவதாக 1968-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த கடிதத்தால், இப்பொடிமீதும் சீன உணவின்மீதும் பெரும் பழி விழுந்தது. பின்னர் முறையாகச் சோதித்தபோது, வழக்கமாக உண்ணும் அளவில் அப்பழி நிலைநாட்டப்படவில்லை. ஒரு மக்களின் உணவைக் குறைகூறுமுன் சோதித்துப் பார்ப்பது அறிவுடைமை. எனினும் நம் செய்முறைக்கு அப்பொடி தேவையில்லை. ஏனெனில் சோயாச் சாற்றிலேயே குளூட்டமேட் இருக்கிறது. சோயா மொச்சையும் கோதுமையும் சேர்த்து, ஒருவகைப் பூஞ்சணம் படரவிட்டு, உப்புநீரில் திங்கள் கணக்கில் நொதிக்க வைத்து எடுப்பதே அச்சாறு.

இனிச் செய்முறை. ஹாங்காங்கிலும் குவாங்டுங்கிலும் காலையில் கஞ்சியுடன் உண்ணும் எளிய சோயாச் சாற்று நூடுல்ஸையே எடுத்துக்கொள்கிறேன். இருவருக்கு வேண்டியவை: மெல்லிய உலர்ந்த கோதுமை நூடுல்ஸ் 150 கிராம், முளைகட்டிய பச்சைப்பயறு 100 கிராம், வெங்காயத்தாள் நான்கு, சிறிய வெங்காயம் ஒன்று, கடலை எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. சாற்றுக்கு: இளநிறச் சோயாச் சாறு ஒரு மேசைக்கரண்டி, கருநிறச் சோயாச் சாறு ஒரு தேக்கரண்டி, சர்க்கரை அரைத் தேக்கரண்டி, நீர் ஒரு மேசைக்கரண்டி. இறுதியில் தெளிக்க எள்ளெண்ணெய் அரைத் தேக்கரண்டி. சீனர் இதற்குப் பயன்படுத்துவது வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய். நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியதாதலால் அம்மணம் வராது. கிடைக்காவிட்டால் ஒரு தேக்கரண்டி எள்ளை வறுத்துத் தூவலாம். முட்டை உண்போர் முட்டை சேர்த்த நூடுல்ஸையே வாங்கலாம்.

கடையில் நூடுல்ஸ் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு நிமிடத்தில் வேகும் சுருள் நூடுல்ஸ் இதற்கு ஏற்றதன்று. 1958-இல் ஜப்பானில் மொமொபுக்கு ஆண்டோ வகுத்த முறைப்படி, அதனை ஆவியில் வேகவைத்து எண்ணெயில் பொரித்தே பொட்டலமாக்குகின்றனர். நமக்கு வேண்டுவது வெறுமனே உலர்த்திய நூடுல்ஸ். சில வகைகள் மஞ்சளாக இருக்கும். அதற்குக் காரணம் எப்பொழுதும் முட்டை அன்று. நம் அப்பளக் காரத்தை ஒத்த காரப்பொருளை மாவில் சேர்க்கின்றனர். அது கோதுமையில் உள்ள நிறமற்ற பொருள்களை மஞ்சளாக்குகிறது. இழைக்கு உறுதியும் தருகிறது. பரோட்டாவுக்குப் பிசைந்த மாவு அறுபடாமல் நீள்வதைக் கண்டிருக்கிறீர்களே, அதற்குக் காரணமான குளூட்டன் என்னும் புரதம் காரத்தால் மேலும் இறுகுகிறது.

பெரிய பாத்திரத்தில் இரண்டு லிட்டர் நீரை நன்கு கொதிக்க வையுங்கள். நூடுல்ஸை ஒடிக்காமல் இடுங்கள். சீனர் பிறந்த நாளில் நீண்ட நூடுல்ஸ் உண்பது நீண்ட வாழ்நாளுக்கு அறிகுறி. அதனை ஒடிப்பதை அவர்கள் விரும்புவதில்லை. பொட்டலத்தில் குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னரே ஓர் இழையை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவே மெல்லிய வெண்கோடு தெரிந்தால் அதுவே பதம், உடனே வடித்துவிடுங்கள். தண்ணீரில் அலசுங்கள், மேலே ஒட்டியுள்ள மாப்பசை நீங்கும். பிறகு அகன்ற தட்டிலோ தூய துணியிலோ பரப்பி, மின்விசிறியின் கீழ் இருபது முதல் முப்பது நிமிடம் விடுங்கள். தொட்டால் ஈரம் தெரியலாகாது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுக் கையால் பிரித்து வையுங்கள். இந்த அரைமணி நேரத்தைப் பலர் வீண் என்று கருதுகின்றனர். முன்னே கணக்கிட்ட 61,000 கலோரியை மிச்சப்படுத்துவது இந்த அரைமணி நேரமே.

அதற்குள் முளைப்பயற்றைக் கழுவி அதனையும் நீரின்றி வடித்துவிடுங்கள். வெங்காயத்தை மெலிதாகவும், வெங்காயத்தாளை விரல் நீளத்துக்கும் நறுக்குங்கள். சாற்றுக்குரிய பொருள்களை ஒரு கிண்ணத்தில் கலந்து, சர்க்கரை கரையும்வரை கலக்குங்கள். எல்லாவற்றையும் அடுப்பின் அருகே, பயன்படும் வரிசையில் வையுங்கள். தீ மூட்டிய பிறகு ஒரு பொருளைத் தேடி நீங்கள் அலமாரிப் பக்கம் திரும்பலாகாது.

இப்பொழுது சட்டியை அடுப்பிலிட்டு முழுத்தழலில் இரண்டு நிமிடம் காயவிடுங்கள். மெல்லிய புகை எழத் தொடங்கும்போது ஒரு மேசைக்கரண்டி எண்ணெயை ஊற்றிச் சுழற்றுங்கள். முதலில் இரும்பு காய வேண்டும், பின்னரே எண்ணெய். இவ்வாறு செய்தால் பண்டம் சட்டியில் ஒட்டுவது குறையும். வெங்காயத்தையும் முளைப்பயற்றையும் இட்டு ஒரு நிமிடம் விரைந்து கிளறித் தட்டில் எடுத்துவிடுங்கள். அவை சட்டியிலேயே கிடந்தால் நீர்விட்டு நம் முயற்சியைக் கெடுத்துவிடும்.

சட்டி மீண்டும் காயட்டும். எஞ்சிய எண்ணெயை விட்டு, நூடுல்ஸை மெலிதாகப் பரப்புங்கள். ஒரு நிமிடம் அதனைத் தொடாதீர்கள்! கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு நிமிடத்தில்தான் அடிப்புறம் சிவக்கிறது. பிறகு புரட்டி மற்றொரு நிமிடம் விடுங்கள். சீனர் இதனைக் கிளறுவதற்கு நீண்ட குச்சிகளைக் கையாளுகின்றனர். கரண்டி இழைகளை அறுத்துவிடும், குச்சி தூக்கிப் பிரிக்கும். நம்மிடம் இரண்டு முள்கரண்டிகள் இருந்தால் போதும். சாற்றை நூடுல்ஸின் நடுவே ஊற்றாமல், சட்டியின் சுவரை ஒட்டிச் சுற்றிலும் ஊற்றுங்கள். சூடான இரும்பில் பட்டவுடன் அதன் நீர் பறந்து, சாறு சற்றே வறுபட்டு மணம் பெறும். விரைந்து பிரட்டி, எடுத்து வைத்த காய்களையும் வெங்காயத்தாளையும் சேர்த்து அரை நிமிடம் கிளறி, அடுப்பை அணைத்து, எள்ளெண்ணெயைத் தெளியுங்கள். காய்களைச் சட்டியில் இட்டது முதல் ஐந்து நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். நால்வருக்கு வேண்டுமாயின் இருமுறை செய்யுங்கள். ஒருமுறையில் இரட்டிப்பு அளவை இடாதீர்கள்.

வானொலியில் பேசுகிறவனாதலால் செவிக்குரிய ஓர் அடையாளமும் சொல்கிறேன். நன்றாக வறுபடும் சட்டி இடைவிடாது சீறும். அவ்வொலி தணிந்து, குமுகுமுவென்று கொதிக்கும் ஒலி கேட்டால், நீர் சேர்ந்துவிட்டது என்று பொருள். அப்பொழுது பாதியை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு எஞ்சியதை வறுங்கள். கண்ணுக்கு முன்பே செவி உண்மையை அறிவித்துவிடும்.

சில எச்சரிக்கைகளும் வேண்டும். ஒரு மேசைக்கரண்டி சோயாச் சாற்றில் இரண்டு கிராமுக்கு மேல் உப்பு உண்டு. ஒருவர் ஒரு நாளில் உண்ணும் உப்பு ஐந்து கிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. ஆகவே இதில் தனியாக உப்பு இடாதீர்கள். ஒட்டாப் பூச்சுடைய சட்டியை வெறுமனே பெருந்தழலில் காயவிடலாகாது. மிகுந்த வெப்பத்தில் அப்பூச்சு சிதைந்து நச்சுப்புகை விடும். இரும்புச் சட்டியே ஏற்றது. எண்ணெய் தீப்பற்றினால் நீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து மூடியால் மூடிவிடுங்கள்.

மற்றொன்று விடுதி மாணவர்களுக்கு மிகவும் இன்றியமையாதது. வெந்த நூடுல்ஸையும் சோற்றையும் நம் நாட்டு வெப்பத்தில் மணிக்கணக்காக வெளியே வைத்தால், 'பேசில்லஸ் சீரியஸ்' என்னும் நுண்ணுயிர் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. இரவு எஞ்சியதைக் காலையில் வறுத்து உண்ண விரும்புவோர், ஆறியவுடன் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். வைக்க வழியில்லையேல், உண்ணும் அளவுக்கே சமைக்க வேண்டும்.

நண்பர்களே, உங்களுள் பலர் நாளை மேற்படிப்புக்கும் வேலைக்கும் வெளியூர் செல்வீர்கள். ஒரு சிறு அறை, ஓர் அடுப்பு, ஒரு சட்டி இவற்றோடு உங்கள் தனிவாழ்வு தொடங்கும். தமக்கு வேண்டிய ஒருவேளை உணவைத் தாமே செய்துகொள்ளத் தெரியாத காரணத்தால், கிடைத்ததை உண்டு உடல் நலத்தையும் கைப்பொருளையும் இழந்த நல்ல மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுள் பெரும்பாலோர் ஆண்மக்கள். 'இது பெண்களின் வேலை' என்று வீட்டார் அவர்களை அடுப்பங்கரைப் பக்கமே விடவில்லை. பசி ஆண் பெண் என்று பார்த்து வருவதில்லை. சமையலும் அவ்வாறு பார்க்க வேண்டியதன்று.

என் பேரன் அன்று மாலையே மறுபடியும் முயன்றான். எட்டுப் பேர் பங்கையும் நான்கு முறையாகப் பிரித்து, உலர்த்தி, வறுத்தான். பொடி எதுவும் இடவில்லை. நான்காம் சட்டி இறங்குவதற்குள் முதல் மூன்றும் தீர்ந்துபோயின. மீண்டும் கேட்பதற்கு மற்றவர்களுக்கு நேரம் இருந்தது. அவனுக்குத்தான் உட்கார நேரம் இல்லை. அடுத்த விடுமுறை நாளில் நீங்களும் செய்து பாருங்கள். முதலில் இருவர் பங்கை மட்டும் செய்யுங்கள். சட்டி சீறுகிறதா என்று செவிகொடுத்துக் கேளுங்கள்.